கையறிவும் கல்வியே

ஒரு சிலம்பினைச் சுற்றியே பெருங்காப்பியம் எழுந்த மொழி நம் மொழி. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல் என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்குகிறோம். ஆயின், சிலம்பின் வழித்தோன்றலாகிய கொலுசைச் செய்யும் கைகள் அதே வகுப்பில் அமர்ந்திருப்பதை நாம் கண்டுகொண்டதில்லை.

முதலாண்டு மாணவர் ஒருவர் தம் விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்னுமிடத்தில் ‘வியாபாரம்’ என எழுதியிருந்தார். பின்னொரு நாள் அவர்தம் விரல் நுனியில் படிந்த கருமை குறித்து வினவியபோதே, தந்தையுடன் வீட்டுப் பட்டறையில் இரவு நெடுநேரம் கொலுசு பற்றவைப்பவர் அவர் என்பது தெரிந்தது. “நன்றாகப் படியுங்கள் தம்பி, இத்தொழிலிலிருந்து தப்பிவிடலாம்” என்றோம். அவ்வறிவுரை சரிதானா என்று பின்னர் எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையும் சிவதாபுரமும் வெள்ளித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. துளையிட்ட எஃகுத் தகட்டின் வழியே வெள்ளியை இழுத்து இழையாக்கும் திறம் இங்குள்ளோர்க்குக் கைவந்த கலை. ஆயினும் கொலுசின் விலையில் பெரும்பங்கு வெள்ளியின் எடைக்கே உரியது. கைத்திறனுக்குக் கிட்டுவது கூலி மட்டுமே.

இதே வெள்ளியிழை கருநாடகத்தின் பீதர் நகரில் வேறொரு மதிப்பைப் பெறுகிறது. பாமினி சுல்தான்களின் தலைநகராக விளங்கிய அவ்வூரின் பெயராலேயே அக்கலை ‘பித்ரி’ எனப்படுகிறது. துத்தநாகம் மிகுதியாகவும் செம்பு சிறிதளவும் கலந்து உருக்கி, மண்ணச்சில் வார்த்துக் கலம் செய்வர். அதன்மேல் மயில்துத்தக் கரைசலைப் பூசிக் கருமையாக்கிச் சிற்றுளியால் கொடியும் மலரும் வெட்டுவர். வெட்டிய தடத்துள் வெள்ளியிழையை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்குவர். பசையுமில்லை, பற்றாசுமில்லை, தடம் சரியாக வெட்டப்பட்டிருந்தால் மட்டுமே இழை நிற்கும். இறுதியில் பீதர்க் கோட்டையின் பழைய மண்ணோடு நவச்சாரம் கலந்த வெந்நீர்க் கரைசலில் கலத்தைத் தோய்க்க, உலோகம் நிலையாகக் கறுக்கும்; வெள்ளியோ ஒளி குன்றாது. ஏற்ற மண்ணை நாவில் வைத்துச் சுவைத்தே தேர்வர் அக்கலைஞர். இஃது எந்த ஏட்டில் எழுதிய பாடம்?

பித்ரிக் கலையில் வெள்ளி குறைவு, உழைப்பு மிகுதி. விலை பெறுவது எடையன்று, கையறிவு. அக்கலையின் மூத்த கலைஞர் ஷா ரஷீத் அகமது காதிரி 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவ்வகைக் கலைக்கு நெடிய மரபும் உண்டு. ஈராக்கின் மோசூல் நகரில் 1232இல் வெள்ளியும் செம்பும் பதித்துச் செய்யப்பட்ட பித்தளைக் கெண்டி ஒன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கழுத்தில் செய்தவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது: ஷுஜா இப்னு மனா. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயரைப் படிக்கிறோம். நம் ஊர்க் கொலுசு எதில் செய்தவர் பெயர் இருக்கிறது? செய்தவரின் மகனே அத்தொழிலை எழுதக் கூசும் நிலையல்லவா இங்கு?

“பட்டறையில் புகையும் அமிலமும் உண்டு, கூலியோ குறைவு. பிள்ளைகளை மீண்டும் அதில் தள்ளுவதா?” எனச் சமுதாயப் பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே. தந்தையின் தொழிலில்தான் மகன் நிற்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. பிறப்பால் தொழிலை விதிப்பதை நாம் ஏற்பதுமில்லை. விரும்பும் எவரும் கற்கலாம், கற்றவர் மதிப்போடு வாழலாம் என்னும் நிலை வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தாவூது நபி அவர்களுக்கு இரும்பு இளகச் செய்யப்பட்டதையும், அவர்கள் கவசம் செய்ததையும் திருக்குர்ஆன் கூறுகிறது. கைத்தொழிலை இழிவாக எண்ண நமக்கு இடமேது?

செய்யத்தக்கன இரண்டு. உள்ளூர்க் கலைஞரும் கைவினைஞரும் உயர்கல்வி நிறுவனங்களில் தங்கிப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 2023இல் வழிகாட்டு நெறிகளை வகுத்துள்ளது. அதனைப் பயன்படுத்திப் பித்ரிக் கலைஞர் ஒருவரையும் சேலத்துக் கம்பித் தொழிலாளர் ஒருவரையும் ஒருங்கே அழைத்து, நம் மாணவர்க்கு ஒரு பருவமேனும் பயிற்சி தரலாம். பட்டம் இல்லை என்பதற்காக அவர்களைக் கீழே அமர்த்தாது, ஆசிரியர் இருக்கையிலேயே அமர்த்துதல் வேண்டும். மற்றொன்று தமிழ்த்துறையின் கடன். பட்டறைகளில் வழங்கும் கருவிப் பெயர்களையும் தொழிற்சொற்களையும் மாணவரைக் கொண்டே தொகுத்தல் வேண்டும். முதியோர் மறைந்தால் அச்சொற்களும் மறையும்.

அம்மாணவரிடம் நாம் கூறியிருக்க வேண்டியது வேறு. “நன்றாகப் படியுங்கள் தம்பி, தந்தையாரின் தொழிலையும் மறைக்காமல் எழுதுங்கள்” என்பதே அது. தடம் வெட்டாமல் இழை பதியாது. மதிப்பு என்னும் தடத்தை முதலில் வெட்டவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.