குருவிக்கு அரிசி மட்டும் போதுமா?

போன ஞாயித்துக்கிழமை சென்னையில இருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். விடிஞ்சதும் வைகை அணைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். 1959ல் திறந்த அணை. லீவு விட்டா எங்க தேனிப் பக்கத்துச் சனம் கட்டுச்சோற்றோட கிளம்புற இடம். கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போனா பறவைகள் பார்க்கலாம்.

அவள் கழுத்துல பைனாகுலர். கரிச்சான், பஞ்சுருட்டான், தவிட்டுக்குருவி, கொண்டலாத்தின்னு வரிசையா நோட்டுல எழுதிக்கிட்டே வந்தாள். நான் அதுக வாயில என்ன இருக்குன்னு பார்த்தேன். கரிச்சான் கம்பியில இருந்து பாய்ஞ்சு ஒரு தட்டானைப் பிடிச்சது. பஞ்சுருட்டான் தேனீயைக் கிளையில அடிச்சு, கொடுக்கை எடுத்துட்டு முழுங்கியது. தவிட்டுக்குருவிக் கூட்டம் மரத்தடிச் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கியது.

"சித்தப்பா, எங்க பால்கனியில சிட்டுக்குருவிக்குப் பெட்டி வச்சு, கம்பும் அரிசியும் போடுறேன். முட்டை பொரிக்குது, குஞ்சுதான் தேற மாட்டேங்குது" என்றாள்.

"தொட்டிச் செடிக்கு ஏதும் மருந்து அடிக்கிறியா பாப்பா?"

"புழு வந்துச்சுன்னா ஸ்பிரே அடிப்பேன்."

குஞ்சு தேறாததுக்குக் காரணம் அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பெரிய குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் நாட்கள்ல புழு பூச்சிதான் ஊட்டும். தூக்கணாங்குருவியும் அப்படித்தான். தேன் குடிக்கிற தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குச் சின்னப் பூச்சியும் சிலந்தியும்தான் கொண்டுபோகும். மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்துக்குப் பெட்டி மாட்டுறது நல்ல காரியம்தான். ஆனா அது வீடு மட்டும்; பிள்ளைக்குச் சோறு பூச்சிதான்.

அவளைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. திராட்சைப் பந்தல்ல பூச்சி இருக்கோ இல்லையோ, கிழமை பார்த்து மருந்து அடிச்சவன் நான். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள்ள தப்பிச்சுக்கிச்சு. அதைத் தின்ன வந்த பொறிவண்டு செத்தது. அந்த வருசம் கரிச்சான்கூடப் பந்தல் பக்கம் அதிகம் வரலை.

பப்பாளி மாவுப்பூச்சி கதை தெரியுமா? 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதல்ல தெரிஞ்சது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாத்தையும் வெள்ளையா மூடிருச்சு. மருந்துக்கு அடங்கலை. 2010ல் போர்ட்டோரிக்கோவில் இருந்து கொண்டுவந்து விட்ட, கொசுவைவிடச் சின்னக் குளவிதான் அதை அடக்கியது. பூச்சிக்குப் பூச்சியே காவல்.

இப்போ பந்தலைச் சுற்றித் தட்டைப்பயறு போட்டிருக்கேன். அதுல அசுவினி வரும், அதைத் தின்னப் பொறிவண்டு வரும். இலையைத் திருப்பிப் பார்த்து, மிஞ்சினா மட்டும் மருந்து. கரிச்சான் திரும்பி வந்திருக்கு.

டவுன்ல இருக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். கீரையில ஒரு ஓட்டை இருந்தா கட்டையே ஒதுக்கி வைக்கிறீங்க. அந்தக் கீரைக்கு விலை கிடைக்காதுன்னுதான் நாங்க மருந்துக்கடை வாசல்ல நிக்கிறோம். ஓட்டை விழாத கீரையும் வேணும், ஜன்னல்ல குருவியும் வேணும்னா எப்படி?

அடுத்த தடவை பூங்காவுக்குப் போனா, பைனாகுலரைக் கொஞ்சம் இறக்கிட்டு, செடிக்கடியில சருகைப் புரட்டிப் பாருங்க. அங்க ஒண்ணும் ஊரலைன்னா, மேலேயும் ரொம்ப நாளைக்கு ஒண்ணும் பறக்காது.