குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை... மிளகு நாற்று தாங்குமா?

கேள்வி: "வீட்டு வாசலில் பைகளில் தக்காளி, மிளகாய், பீன்ஸ் வைத்திருக்கிறோம். மழைக்கு நடுவதற்காக நூறு பை மிளகு நாற்றும் போட்டிருக்கிறோம். சித்திரை வந்தால் ஊற்றில் தண்ணீர் நின்றுவிடும். அப்புறம் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர்தான். அதில் மருந்து வாடை அடிக்கிறது. ஊற்றினால் வேர் கருகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ராசிபுரத்தில் இருக்கும் என் அக்காவும், குழாய்த் தண்ணீர் ஊற்றித்தான் கறிவேப்பிலை வெளுத்துப் போனது என்கிறார். ஊற்றலாமா, கூடாதா?"

- வாசகி ஒருவர், செம்மேடு, கொல்லிமலை.

பதில்: தாராளமாக ஊற்றலாம். வேர் கருகாது. ஆனால், அக்கா சொல்வதும் பொய்யில்லை. இரண்டு வீட்டிலும் குழாய் ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே வரும் தண்ணீர் ஒன்றல்ல. மலையில் பயப்படுவது மருந்து வாடைக்கு. கீழே பாதிப்பு வருவது உப்பிலும் சுண்ணாம்பிலும். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் கோடையில் நாற்றைக் காயவிட்டு, ஊற்றுத் தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த வாடையைப் பார்ப்போம். மேல்நிலைத் தொட்டியில் கலப்பது பிளீச்சிங் பவுடர். நல்ல பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் கலந்தால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். அது தொட்டியிலும் குழாயிலும் கிருமிகளோடு மோதிக் கரைந்து, கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. இந்தக் கொஞ்சூண்டு அளவே மூக்குக்குத் தெரிந்துவிடும். வாடை தெரிகிறது என்பதற்காக விஷம் என்று அர்த்தமில்லை. தண்ணீர் காய்ச்சல் வராமல் காக்கிறது என்று அர்த்தம்.

செடி எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1987-ல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். தக்காளியிலும் குடைமிளகாயிலும் வளர்ச்சி குறைய லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் குளோரின் தேவைப்பட்டது. அதாவது 1,000 லிட்டர் தொட்டியில் 24 கிராம் பவுடரைக் கொட்ட வேண்டும். அந்தத் தண்ணீரை மனிதர் வாயில் வைக்கவே முடியாது. குடிக்க முடிகிற தண்ணீரில் இருக்கும் குளோரின், தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒரு பொருட்டே அல்ல. போதாததற்கு, மண்ணில் விழுந்த உடனே அது மேல்மட்டத்தில் இருக்கும் மட்கோடு சேர்ந்து செலவாகிவிடும். வேர் இருக்கும் ஆழத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. செலவான பிறகு மிஞ்சுவது குளோரைடு. அதுவும் செடிக்கு வேண்டிய நுண்சத்துகளில் ஒன்று என்பது தக்காளிச் செடியில் நடந்த ஆய்வில் 1954-லேயே தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு நாள் மட்டும் கவனம் வேண்டும். தொட்டி கழுவிய அன்றும் மறுநாள் காலையும் பவுடர் தூக்கலாக வரலாம். கண் எரிகிற அளவுக்கு நெடி அடித்தால் அன்றைக்குச் செடிக்கு ஊற்றாமல் விடுங்கள். தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைப்பது வழக்கம். எழுதவில்லை என்றால் தண்ணீர் திறந்துவிடுபவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

வாடை பிடிக்கவில்லை என்றால், வாய் அகன்ற அண்டாவில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்தால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். அவசரமாக வேண்டுமா? ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி மட்கிய தொழுவுரத்தைப் போட்டுக் கலக்கிவிட்டுச் சிறிது நேரம் விடுங்கள். குளோரின் அதோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும். இதற்கென்று கடையில் எந்தச் சொட்டு மருந்தும் வாங்க வேண்டியதில்லை. டிரம்மில் பிடித்து வைப்பவர்கள் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறையாவது முழுதும் காலி செய்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். செடியைக் காப்பாற்றப்போய் வீட்டுப் பிள்ளைகளைக் காய்ச்சலில் படுக்க வைக்கக் கூடாது.

குளோரின் உண்மையிலேயே கெடுதல் செய்கிற இடம் ஒன்று உண்டு. அது மிளகு நாற்று வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடல் நோய் வராமல் இருக்க, நாற்றுப் பைகளுக்குச் சூடோமோனாஸ் கரைசல் ஊற்றுவார்கள். சூடோமோனாஸ் என்பது உயிருள்ள பாக்டீரியா. பாக்டீரியாவைக் கொல்லத்தான் தொட்டியில் பவுடர் போடுகிறார்கள். குழாயிலிருந்து பிடித்த கையோடு அதில் கரைத்தால், காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதி வாளியிலேயே செத்துப்போகும். நாற்றுக்கு ஒன்றும் ஆகாது, மருந்துதான் வேலை செய்யாது. பிறகு, 'சூடோமோனாஸ் போட்டும் வாடிப்போச்சு' என்று அதன் மேல் பழி விழும். ஒரு ராத்திரி ஆறவிட்ட தண்ணீரிலோ, மழைத் தண்ணீரிலோ கரையுங்கள். டிரைக்கோடெர்மா, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

ஜீவாமிர்தத்துக்கு இவ்வளவு பயம் வேண்டாம். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணி விழும்போது, இருக்கிற குளோரின் அந்தச் சாணியிலேயே அடங்கிவிடும். ஆனால், மீன் விட்டிருக்கும் தொட்டியில் மட்டும் குழாய்த் தண்ணீரை நேராகத் திறந்துவிடாதீர்கள். செடி சட்டை செய்யாத அளவு குளோரின்கூட மீனின் செவுளை அரித்துவிடும்.

மிளகு நாற்றைப் பொறுத்தவரை, தண்ணீரின் குணத்தைவிட அளவும் நேரமும்தான் முக்கியம். மாசி, பங்குனியில் ஓடுகொடியை வெட்டிப் பையில் வைத்து, ஆனி மழைக்குச் சில்வர் ஓக் மரத்தடியில் நடுகிற கணக்கு. இடையில் இருக்கும் மூன்று மாதமும் சுத்தமான கோடை. வேர் பிடிக்கிற அந்தச் சமயத்தில் இரண்டு நாள் காய்ந்தால் கணு கறுத்துவிடும். பயந்துபோய் அதிகமாக ஊற்றினால் பை சேறாகி அழுகிவிடும். நிழல் வலைக்குக் கீழே வைத்து, பூவாளியால் காலையில் லேசாகத் தெளித்தால் போதும். பைக்குக் கால் லிட்டர் என்றாலும், நூறு பைக்கு 25 லிட்டர்; இரண்டு குடம் கூட வராது. மதியத்தில் ஊற்ற நேர்ந்தால், வெயிலில் கிடக்கும் குழாயிலும் கறுப்பு நிற பிளாஸ்டிக் தொட்டியிலும் முதலில் வரும் தண்ணீரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் நாற்றும் சுடும். 'குழாய்த் தண்ணீரில் கருகிவிட்டது' என்று சொல்லப்படும் நாற்றுகளில் சில, மருந்தால் கருகியவை அல்ல, இப்படி வெந்துபோனவை.

இங்கே இன்னொன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 220 லிட்டர். சமையல், குளியல், துணி, பாத்திரம், ஆடுமாடு என்று போக, செடிக்கு எவ்வளவு மிஞ்சும்? இருபது பை காய்கறிக்குப் பைக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 30 லிட்டர். நாற்றையும் சேர்த்தால் 55 லிட்டர், அதாவது வீட்டில் ஓர் ஆள் கூடுதலாக இருப்பது மாதிரி. கோடையில் மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறாத நாளில், பள்ளத்து வீட்டில் ஹோஸ் போட்டுச் செடிக்கு விட்டால் சண்டை வரத்தான் செய்யும். அது நியாயமான சண்டையும்கூட. நாற்றுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, காய்கறிப் பைகளுக்கு அரிசி, காய் கழுவிய தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். கீரையும் காயும் பயிர் செய்யாத பக்கத்தில் ஒரு வாழையும் கல்வாழையும் வைத்தால், குளித்த தண்ணீர் அங்கே போகட்டும். சோப்புத் தண்ணீரைப் பைகளில் ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் சோடிய உப்பு பைக்குள்ளேயே தங்கி மண்ணை இறுக்கிவிடும்.

மழைத் தண்ணீர் பிடிக்கிற கணக்கும் எளிது. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் விழும். சிதறியது போக 400 லிட்டர் டிரம்மில் சேரும். கோடை மழை ஒன்று கிடைத்தால், நாற்றுக்குப் பதினைந்து நாள் தண்ணீர். முதல் மழையில் கூரை அழுக்கு இறங்கும். அதை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

இனி அக்கா வீட்டுக் கறிவேப்பிலைக்கு வருவோம். மலையில் பெய்யும் மழை பாறை இடுக்கில் கொஞ்ச காலம் தங்கி ஊற்றாக வெளியே வந்துவிடுவதால், பொதுவாக உப்பு குறைவு. சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஆழத்துப் பாறையில் நெடுங்காலம் ஊறிக் கிடந்தது. உப்பும் சுண்ணாம்பும் கரைந்தே வரும். காவிரித் தண்ணீர் வருகிற ஊரிலும், பற்றாக்குறைக்கு போர் தண்ணீரைக் கலந்து விடுவது உண்டு. தோசைக்கல் மாதிரி வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளைப் படிவம் ஏறுகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, செடித் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்திருக்கிறதா? அப்படியென்றால் குற்றவாளி சுண்ணாம்பு.

சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்ற ஊற்றத் தொட்டி மண் களர்த் தன்மைக்கு மாறும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சை, மல்லிகையில் இது பளிச்சென்று தெரியும். தண்ணீரை ராத்திரி முழுக்க ஆறவைத்தாலும் சுண்ணாம்பு போகாது. தண்ணீர் ஆவியானால் இன்னும் கெட்டியாகத்தான் செய்யும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வடிகட்டி, சாயங்காலம் இலை நனையத் தெளிக்கச் சொல்லுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. கொழுந்து பச்சை கட்டும். ஆனால், அது தற்காலிகம். வருடத்துக்கு ஒருமுறை மேல்மண்ணைக் கழித்து மட்கு போட வேண்டும். மாதம் இருமுறையாவது அடியில் வழிந்து ஓடும் அளவுக்கு மழைத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உப்பைப் பற்றி ஒரு கணக்கு பலருக்கும் தெரியாது. வேறு வழியில்லாத ஊரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு உள்ள தண்ணீரையும் குடிக்க அனுமதிக்கிறது இந்தியத் தர அளவு. பாசனக் கணக்கில் அது ஏறக்குறைய 3 டெசிசைமன். ஆனால், பீன்ஸ் விளைச்சல் 0.7 தாண்டினாலே குறையத் தொடங்கும், மிளகாய் 1-லும் தக்காளி 1.7-லும் தடுமாறும் என்கிறது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன அட்டவணை. மனிதருக்கு அனுமதித்த தண்ணீரில் பீன்ஸ் படுத்துவிடும்! ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் தண்ணீரிலும் இதே கவனம் வேண்டும். 500 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் நான்கு லிட்டர் போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வந்தால், மீதி மூன்று லிட்டரில் சுமார் 650 இருக்கும். தென்னை, வாழைக்கு விடலாம். மூலத் தண்ணீரே 1,500 என்றால், கழிவு 1,900-ஐத் தாண்டும். தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

ஊகத்தில் அலைய வேண்டாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் நிரப்பி மூடி, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். பாட்டிலில் ஊர்ப் பெயர், எடுத்த தேதி, 'போர்' தண்ணீரா ஆற்றுத் தண்ணீரா என்ற விவரத்தை எழுதி ஒட்டுங்கள். 'குடிக்க அல்ல, பாசனத்துக்கு' என்று சொல்லிக் கொடுத்தால்தான் உப்பு, கார அமில நிலை, பைகார்பனேட் மூன்றும் சேர்த்துப் பார்ப்பார்கள். அக்கா ஒரு பாட்டில் எடுக்கும்போது செம்மேட்டுக் குழாய்த் தண்ணீரிலும் ஒரு பாட்டில் போகட்டும். மலைத் தண்ணீர் என்பதாலேயே நல்லது என்று பரிசோதிக்காமல் முடிவு கட்டவும் வேண்டாம்.