தனிச் சாவி, தனி அடுப்பு

ஆதரவற்ற மூத்த குடிமக்கள் 150 பேராவது தங்கும் வகையில் மாவட்டத்துக்கு ஓர் இல்லம் அமைக்க 2007-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் வழிசெய்கிறது. கையில் பணம் உள்ளவர்களுக்குக் கோவையைச் சுற்றிலும் தனியார் நிறுவனங்களின் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் இருக்கின்றன. இரண்டிலும் சேராதவர்கள்தான் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் பெண்கள், பிள்ளைகளைச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டுத் தனித்திருப்பவர்கள். சமைப்பது, கோயிலுக்குப் போவது, வரவு செலவு பார்ப்பது எல்லாம் இவர்களால் முடியும். இவர்கள் கேட்பது பராமரிப்பு அல்ல. வழுக்காத தரையுள்ள சின்ன வீடும், இரவில் மணி அடித்தால் வந்து பார்க்க ஓர் ஆளும்தான். லாபநோக்கமற்ற அறக்கட்டளைகள் கட்டி, நியாயமான வாடகைக்கு விடும் முதியோர் குடியிருப்புகள் செட்டிநாட்டுக்கு உடனே வேண்டும்.

இது இந்த மண்ணுக்கு அந்நியமான ஏற்பாடு அல்ல. செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் வீடுகளில் மணமான மகனை வேறு வைத்துவிடுவார்கள். வளவு எனப்படும் நடுக்கட்டைச் சுற்றி ஒவ்வொரு தம்பதிக்கும் பூட்டித் திறக்கத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் சாமான். முகப்பும் முற்றமும் எல்லாருக்கும் பொது. கோயில் கணக்கிலும் ஒவ்வொரு தம்பதியும் ‘புள்ளி’ எனப்படும் தனிக் குடும்பம். விசேஷத்துக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் மறுநாள் அவரவர் உலையை வைத்தார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் யாரும் யாருடைய தயவிலும் சாப்பிடவில்லை. சிங்கப்பூர் அரசு 2021-இல் புக்கிட் பாத்தோக்கில் அறிமுகப்படுத்திய முதியோர் அடுக்ககங்களும் இதே அமைப்புதான்: சமையலறையோடு சிறு வீடு, தளந்தோறும் பொது இடம், கூடவே அடிப்படை உதவிச் சேவை.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளையே மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அவற்றின் உயர்ந்த நிலைப்படிகளையும், மழையில் வழுக்கும் முற்றத்தையும், பின்கட்டுக் கழிப்பறையையும் எழுபது வயதுக்காரர் இரவில் எப்படிக் கடப்பார்? பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலே வேலை நின்றுபோகும். புதிதாகக் கட்டுவதே மேல். இப்படி வசதி செய்தால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. ஆனால் பிள்ளைகள் பிழைப்புக்காக எப்போதோ போய்விட்டார்கள். முதியோர் தொகையோ பெருகிவருகிறது: தமிழ்நாட்டில் 2021-இல் 13.6 சதவீதமாக இருந்த அறுபது கடந்தோர் 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. இருபது அறை வீட்டில் ஒரு காவலாளோடு பெற்றோரை விட்டுவைப்பதைக் குடும்ப வாழ்க்கை என்று சொல்லிக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

பணம் பெரிய தடையாக இருக்காது. காசியில் சத்திரம் கட்டிய ஊர் இது. காரைக்குடிக்குச் சிக்ரி ஆய்வு நிறுவனம் வர வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த ஊர் இது. நிலமும் கட்டடமும் நன்கொடையில் வந்துவிட்டால், அன்றாடச் செலவை வாடகையில் பார்த்துக்கொள்ளலாம். எனக்குள்ள கவலை நிர்வாகத்தைப் பற்றியது. வீட்டை விற்கவோ வாரிசுக்கு எழுதவோ இடம் தரக்கூடாது. எந்தச் சாதியாரும் குடிவரலாம் என்பது அறக்கட்டளைப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். குடியிருப்போர் தேர்ந்தெடுத்தவர்கள் நிர்வாகக் குழுவில் உட்கார வேண்டும். ஆண்டுக் கணக்கை வாசலில் ஒட்ட வேண்டும். படுக்கையில் விழுந்தபின் யார் பார்ப்பது, எந்த மருத்துவமனை, செலவு யாருடையது என்பதைச் சாவி கொடுக்கும் அன்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2012 முதல் சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அறங்காவலர்கள் அதனுடன் பேசி முடிக்கட்டும்.