பறித்த குளோரின் வேறு, அமர்ந்த குளோரின் வேறு

கபினிக் கரையிலுள்ள நஞ்சன்கூடு, நஞ்சுண்டேசுவரர் கோயிலுக்கு மட்டுமன்றி மருந்து ஆலைக்கும் அறியப்பட்ட ஊர். மருந்துத் தொழிலின் அன்றாடக் கரைப்பான்களுள் ஒன்று டைகுளோரோமீத்தேன். அது பிறக்கும் வினையை மாணவர் ஒரே வரியில் மனப்பாடம் செய்கிறார்: ஒளியின் முன்னிலையில் மீத்தேனின் ஹைட்ரஜனைக் குளோரின் பதிலீடு செய்கிறது. விடைத்தாளில் இவ்வரி மதிப்பெண் பெறும், வேதியியலில் நிற்காது.

‘பதிலீடு’ என்ற சொல், ஒருவரை எழுப்பிவிட்டு மற்றவர் அதே இருக்கையில் அமரும் காட்சியைத் தருகிறது. தனி உறுப்பு வழிமுறையில் அப்படியொரு படியே கிடையாது. ஒளி, மோலுக்கு ஏறத்தாழ 242 கிலோஜூல் வலிமையுள்ள குளோரின் பிணைப்பை முறிக்கிறது. பிரிந்த குளோரின் அணு கார்பனைத் தொடுவதில்லை; ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடாக விலகிவிடுகிறது. எஞ்சிய மீத்தைல் தனி உறுப்பு இன்னொரு குளோரின் மூலக்கூறிலிருந்து ஓரணுவைப் பெறுகிறது. மீந்த மற்றோரணு அடுத்த மீத்தேனை நோக்கிச் செல்ல, சங்கிலி நீள்கிறது. குளோரின் நேரடியாக ஹைட்ரஜனை வெளியேற்றுவதாயின் ஏறத்தாழ 88 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பறிப்பதற்கோ சுமார் 8 போதும்.

சொல் விளைவைத்தானே குறிக்கிறது, வழியை அன்றே என்பர் சிலர். வழி தெரியாதவருக்கு விளைவும் விளங்காது. புரப்பேனின் எட்டு ஹைட்ரஜன்களுள் ஆறு ஓரங்களில் உள்ளன. ஆயினும் 25 பாகை செல்சியசில் குளோரின் சுமார் 55 விழுக்காடு நடுக்கார்பனிலேயே சேர்கிறது. சற்று உயர்ந்த வெப்பநிலையில் புரோமினோ 97 விழுக்காடு வரை அங்கேயே. இருக்கைக் கதையால் இதை விளக்கவியலாது. புரோமின் அணுவுக்கு ஹைட்ரஜனைப் பறிப்பது செங்குத்தான ஏற்றம். எளிதில் பறிபடும் இடத்தை அது தேர்கிறது. அயோடினுக்கு அவ்வேற்றம் மீத்தேனில் 140 கிலோஜூலைத் தாண்டுவதால் சங்கிலி ஓடுவதேயில்லை.

ஒற்றை அம்புக்குறி மறைப்பது இன்னொன்றும் உண்டு. வினை ஒரு குளோரினோடு நிற்பதில்லை. கபினி காவிரியில் கலந்து வந்துசேரும் மேட்டூரில் குளோரோமீத்தேன் ஆலை இயங்குகிறது. இத்தகைய ஆலைகளில் குளோரினேற்றம் டைகுளோரோமீத்தேனோடு குளோரோஃபார்மையும், ஓரளவு கார்பன் டெட்ராகுளோரைடையும் சேர்த்தே ஈனும். கடைசியது ஓசோனைக் குலைப்பதால் மான்ட்ரியல் நெறிமுறையின் கட்டுப்பாட்டிலிருப்பது.

மூன்று படிகளின் பெயரைக் கேட்டு மதிப்பெண் வழங்கும் வழக்கம் போதும். விளைபொருளிலுள்ள குளோரின் எங்கிருந்து வந்தது என வினாத்தாள்கள் ஒருமுறையேனும் கேட்கட்டும்.