கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபேனை அணைக்காதீர்கள்!

சித்திரை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு விதமான சூடு. ஒன்று, மொட்டை மாடியிலிருந்து கீழே இறங்குவது. இன்னொன்று, கரண்ட் பில் வந்த அன்று குடும்பத் தலைவரின் தலைக்கு ஏறுவது!

"எதிர்வீட்டுக்கு 900 ரூபாய்தான் வந்திருக்கு. நமக்கு மட்டும் ஏன் நாலாயிரம்? ராத்திரி பகல்னு பார்க்காம இப்படி எல்லாத்தையும் ஓட விட்டா எப்படி?"

இந்த விசாரணை நடக்காத வீடு உண்டா? ஆனால் விசாரணை முடிந்தபின் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஏ.ஸி. இருக்கும் அறையில் அது வழக்கம்போல ஓடும். ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பாட்டிதான், யாரும் சொல்லாமலே எழுந்து போய், தன் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனை அணைத்துவிட்டு வந்து படுப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு மே மாதம் இப்படித்தான் நடந்தது. எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர். நாலைந்து ராத்திரி ஃபேன் இல்லாமல் படுத்திருக்கிறார். ஒருநாள் காலையில் காபி கொடுக்கப் போன மருமகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வாய் குழறுகிறது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

கணக்குப் பார்த்தேன். பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். ராத்திரி 7 மணி நேரம் ஓடினால் அரை யூனிட். பில்லில் அதிக ரேட் போட்டாலும் சுமார் 5 ரூபாய். அந்த அம்மாள் மிச்சம் பிடித்துக் கொடுத்தது அவ்வளவுதான்! ஆஸ்பத்திரியில் மகன் கட்டியது ஐந்து இலக்கத் தொகை.

அதனால்தான் சொல்கிறேன், கரண்டை மிச்சப்படுத்த வேண்டியதுதான். ஆனால் எங்கே மிச்சப்படுத்துவது, யாரிடம் மிச்சப்படுத்துவது என்பதில் நாம் பெரும்பாலும் தப்புக் கணக்குப் போடுகிறோம்.

எதிர்வீட்டுப் பில் வேண்டாம்!

முதலில், பில் எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிடலாம். 2024 ஜூலையில் மாற்றிய கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் பில் தேதிக்கு உரிய ரேட்டைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு வீடு 350 யூனிட் செலவழிக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு 2 ரூபாய் 35 பைசா. மீதி 150-க்கு 4 ரூபாய் 70 பைசா. மொத்தம் 940 ரூபாய்.

அதே வீட்டில் ஏ.ஸி. வாங்கிவிட்டார்கள். ராத்திரிக்கு 6 யூனிட் என்று வையுங்கள். 60 நாளைக்கு 360. ஆக மொத்தம் 710 யூனிட். இப்போது பில் சுமார் 3,920 ரூபாய்! யூனிட் இரண்டு மடங்கு. பணம் நாலு மடங்கு.

மீட்டர் ஓடிவிட்டது என்று மின்வாரியத்தைத் திட்டுவோம். மீட்டர் மேல் தப்பில்லை. 500 யூனிட்டைத் தாண்டியதும் இரண்டு விஷயம் நடக்கிறது. அந்த 2.35 ரூபாய் சலுகை ரேட் போய், அந்த யூனிட்டுகளுக்கும் 4.70 போடுகிறார்கள். மேலே உள்ள யூனிட்டுகளுக்கு 8.40, 9.45 என்று படிப்படியாக ஏறுகிறது. சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,124. கடைசிப் பத்து யூனிட்டுக்கு மட்டும் 319 ரூபாய்!

ஆகவே, எதிர்வீட்டுப் பில்லோடு உங்கள் பில்லை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அவர்கள் வீட்டில் எத்தனை பேர், கீழ்த்தளமா மேல்தளமா, பகலில் ஆள் இருக்கிறார்களா என்பது எல்லாமே கணக்கு. உங்கள் போன வருஷக் கோடைப் பில்லோடு ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது, வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து தினசரி காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு நாளைக்கு 8 யூனிட் என்பது ஒரு எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் 500-ஐ நெருங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு ஒப்பீடும் பாருங்கள். ஏ.ஸி.யால் கூடிய தொகை ஏறக்குறைய 2,980 ரூபாய். ஒரு ராத்திரிக்கு 50 ரூபாய். இந்த 50 ரூபாய் ஆடம்பரமா, அவசியமா? அந்த அறையில் படுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது!

"எங்க காலத்துல ஃபேனே கிடையாது..."

பெரியவர்களே சொல்லும் வசனம் இது. வாஸ்தவம்தான். ஆனால் அந்தக் காலத்து வீடு வேறு. நாட்டு ஓடு, உயரமான கூரை, நடுவில் முற்றம், வாசலில் திண்ணை, கொல்லையில் வேப்பமரம். சூடு மேலே ஏறி வெளியே போக வழி இருந்தது. இன்றைக்கு நாம் இருப்பது கான்கிரீட் பெட்டி. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம், ராத்திரியிலும் அந்தச் சூட்டை உள்ளே கக்கும். வெளியில் காற்று வந்த பிறகும் வீட்டுக்குள் வேகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

வீடு மட்டுமல்ல, உடம்பும் வேறு. வயசாக ஆக வியர்ப்பது குறைகிறது. தாகம் எடுப்பதும் மந்தமாகிறது. "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்று பாட்டி சொல்வது உண்மைதான். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து! பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள், முக்கியமாக நீர் பிரியும் மாத்திரைகள், கோடையில் உடம்பை இன்னும் வறட்சியாக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம், "வெயில் காலத்துக்கு அளவு மாத்தணுமா? எவ்வளவு தண்ணி குடிக்கலாம்?" என்று கேளுங்கள்.

வெயிலை அரசாங்கமே சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. புயல், வெள்ளம் மாதிரி வெயிலும் ஒரு பேரிடர். புயலடிக்கும்போது பாட்டியைத் திண்ணையில் விடுவோமா?

குளிர்ச்சி யாருக்கு முதலில்?

என் அபிப்பிராயம் இதுதான். வீட்டில் ஒரே ஒரு ஏ.ஸி. இருந்தால், அது சம்பாதிப்பவர் அறைக்கு என்று இருக்கக் கூடாது. வயசானவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, நீண்ட நாள் நோயாளி ஆகியோர் படுக்கும் அறைக்குத்தான் முதல் உரிமை. முடிந்தால் அந்த இரண்டு மாதம் எல்லோருமே ஒரே அறையில் பாய் போட்டுப் படுங்கள். நாலு பேருக்கும் சேர்த்து அதே 50 ரூபாய்தான்!

ஏ.ஸி. இல்லையா? நல்ல ஃபேன், ஈரத்துண்டு, மண்பானைத் தண்ணீர், நீர்மோர், திறந்த ஜன்னல் ஆகியவையே முக்கால்வாசி வேலையைச் செய்யும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அறைக்குள்ளேயே 40 டிகிரியைத் தொட்டுவிட்டால், ஃபேன் காற்று உடம்பின் சூட்டைக் கூட்டவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த மாதிரி மதிய வேளையில் பெரியவர்களைக் கீழ்த்தளத்துக்கோ, நிழலான பக்கத்து வீட்டுக்கோ அழைத்துப் போய்விடுங்கள்.

பேச்சுக் குழறல், குழப்பம், தகிக்கும் உடம்பு, மயக்கம்... இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

மிச்சம் பிடிக்க வேறு இடமா இல்லை?

நிறைய இருக்கிறது!

ஃபேன்: பழைய 75 வாட் ஃபேனை மாற்றி, 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.ஸி. ஃபேன் போடுங்கள். தினம் 15 மணி நேரம் ஓடும் மூன்று ஃபேனை மாற்றினால், இரண்டு மாதத்தில் சுமார் 120 யூனிட் மிச்சம். மேலே சொன்ன 710 யூனிட் வீட்டில் இதுவே 1,100 ரூபாய்க்கு மேல். பாட்டியின் ஃபேனை அணைக்காமலே!

ஏ.ஸி.: 18-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதில் என்ன பெருமை? ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரியிலிருந்து புதிய ஏ.ஸி.களை 24 டிகிரியில் தொடங்கும்படி அமைத்துத்தான் விற்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 26-ல் வைத்து மேலே ஃபேனையும் மெதுவாக ஓட விடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

மாடி: தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயின்ட்டோ அடித்தால் கீழே சில டிகிரி குறையும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட, வெளியே தட்டியோ பச்சை வலையோ கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளே வந்தது வந்ததுதான்!

ஏர் கூலர்: ஏ.ஸி.யைவிட மிகக் குறைந்த கரண்ட்தான். வேலூர், திருச்சி, மதுரை மாதிரி வறண்ட வெயில் ஊர்களில் ஜன்னலைத் திறந்துவைத்துப் போட்டால் நன்றாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில், ஏற்கெனவே காற்றில் இருக்கும் ஈரத்தோடு இதுவும் சேர்ந்து புழுக்கம்தான் மிஞ்சும். விளம்பரத்தைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்.

கீஸர்: மே மாதத்தில் மாடித் தொட்டியே கீஸர்தானே? சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக ஒரு மனவருத்தம். மொட்டை மாடியில் ஒற்றை அறை கட்டி வாடகைக்கு விட்டு, சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்கும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் செலவழிக்கும் குடித்தனக்காரருக்குத் தனி இணைப்பு இருந்தால், அதே 2024 கட்டணப்படி 188 ரூபாய்தான் ஆகும். சப்-மீட்டரில், 8 ரூபாய் வீதம், 1,440!

"எல்லாருக்கும் ஒரே மீட்டர். மொத்த யூனிட் ஏறி எனக்கே பெரிய ரேட்தான் போடறான். நான் என்ன பண்றது?" என்பார் வீட்டுக்காரர். நியாயம்தான். அதனால்தான் சொல்கிறேன், தனிக் குடித்தனமாக இருக்கும் பகுதிக்குத் தனி இணைப்புக்கு மனுப் போடுங்கள். அதுவரை, வந்த பில்லை யூனிட் விகிதத்தில் பங்கு போடுங்கள். அதற்கு மேல் லாபம் வேண்டாம். கொதிக்கும் தளத்துக்கு நேர் கீழே படுப்பவர்தான், கரண்டுக்கு அதிக விலை கொடுத்து, ஃபேனை முதலில் அணைக்கிறவராகவும் இருக்கிறார்.

இந்தக் கோடையில் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒருநாள் ராத்திரி 12 மணிக்கு எழுந்து, உங்கள் வீட்டுப் பெரியவர் படுத்திருக்கும் இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். ஃபேன் சுற்றுகிறதா? காற்று அவர் மேல் படுகிறதா? தலைமாட்டில் தண்ணீர் இருக்கிறதா?

சுற்றவில்லை என்றால், சத்தம் போடாமல் சுவிட்சைப் போட்டுவிட்டு வாருங்கள். காலையில் மறக்காமல் சொல்லுங்கள்: "5 ரூபாய்தாம்மா. நான் கட்டிக்கறேன்."