நெய்தல் நிலக் களப்பணியும் அழுகை மெய்ப்பாடும்

சமூகப்பணி மாணவர் தம் கள அனுபவத்தை ஓவியம், நாடகம், கவிதை வழியே மீள நோக்கும் கலைவழித் தன்னாய்வு இன்று உலகெங்கும் வற்புறுத்தப்படுகின்றது. டொனால்ட் ஷோன் 1983இல் வெளியிட்ட நூல் இச்சிந்தனைக்கு வலுவூட்டியது. இம்முறை இராமேசுவரக் கடற்கரைக்கு வருங்கால், தமிழ் மரபு அதற்கு வழங்கக்கூடியது யாது என்னும் வினா எழுகின்றது.

கடலில் மறைந்து உடலும் கரைசேராதவனின் மனைவி, இலங்கைச் சிறையிலுள்ள கணவனுக்காக அலுவலக வாயிலில் காத்திருப்பவள், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை இழந்து இடம்பெயர்ந்தோர், மண்டபம் முகாமில் வாழும் ஈழத்தமிழர் ஆகிய அனைவரையும் 'மனவழுத்தம்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட இயலாது. அழுகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காகப் பகுக்கின்றது. மறைந்தவனின் மனைவிக்கு உற்றது இழவு. அலுவலக வாயிலில் நிற்பவள் பிறர் எளிமையாக நடத்துவதால் எய்துவது இளிவு. ஊர் அழிந்து நிலை தளர்ந்தோர்க்கு அசைவு. இவ்வேறுபாட்டை அறியாத களப்பணியாளர் தவறான உதவியையே நல்குவர். இளிவுற்றவளுக்கு முதலில் வேண்டுவது ஆறுதல் மொழியன்று, மதிப்பு.

இதனினும் பயனுடையது பேராசிரியர் உரை. சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, உள்ளத்து நிகழும் குறிப்பு, கண்ணீர் அரும்பல் முதலாக உடம்பில் தோன்றும் சத்துவம் என அவர் நான்கு படிகளைக் காட்டுகின்றார். கூத்தினை ஒட்டி எழுந்த விளக்கமே இது. களப்பணியை அவர் எண்ணியிருக்க வழியில்லை. ஆயினும் 'கண்டது என்ன, புலன் ஏற்றது என்ன, உள்ளம் எவ்வாறு திரிந்தது, தன் மெய் என்ன காட்டியது' என மாணவர் தம்மையே வினவ இதனினும் செறிவான சட்டகம் தேடவேண்டுவதில்லை. குறிப்பேடு தமிழில் எழுதப்படின் இவ்வினாக்களுக்கு விடை இயல்பாக வரும்.

ஒப்பாரியைப் பயன்கொள்வதில் மட்டும் எச்சரிக்கை தேவை. இழவு வீட்டில் கேட்ட ஒப்பாரியை வகுப்பறையில் மாணவர் நடித்துக்காட்டுவது தன்னாய்வாகாது. அது அப்பெண்ணின் துயரைக் காட்சிப்பொருளாக்குவது. (ஒப்பாரிகளைத் தொகுத்த தமிழ்த்துறைகளும் பாடியவளை விடப் பாடலையே போற்றியதுண்டு.) மாணவர் எழுதவேண்டுவது அவள் பாட்டையன்று, அதனைக் கேட்டு நின்றபோது தமக்குள் நிகழ்ந்ததை.

தமிழ்த்துறையும் சமூகப்பணித்துறையும் மெய்ப்பாட்டியலை ஒரு பருவப் பாடமாகச் சேர்ந்து கற்பித்தல் கூடும். பாடத்தைத் தமிழாசிரியர் நடத்தலாம். ஆனால் அவரும் மாணவருடன் பாம்பன் கரைக்குச் செல்லவேண்டும்.