நாய்க்குச் சொறி வந்தால்

நாய் நன்றியுள்ள பிராணி என்று பாலர் வகுப்பிலேயே நாம் படித்துவிடுகின்றோம். அந்த நன்றிக்கு மனிதன் செய்யும் கைம்மாறு யாது என்பதைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை. உடம்பு பளபளவென்றிருக்கும் வரையில் நாய் வீட்டுப் பிள்ளை. மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, நாற்றம் எழத் தொடங்கிவிட்டாலோ, அது முதலில் முற்றத்துக்கும், பின்னர் படலைக்கு வெளியேயும், ஈற்றில் சாக்கில் கட்டப்பட்டு எங்கோ ஒரு தெருவோரத்துக்கும் போய்ச் சேருகின்றது. இவ்வாறு துரத்தப்படும் நாய்களுட் பலவற்றின் நோய் தீர்க்கக்கூடியது. முற்றாகத் தீராவிடினும் அடக்கி வைக்கக்கூடியது.

நாட்டு நாயோடு மேனாட்டுச் சாதி நாய்களையும் வளர்க்கும் ஆசை நம்மவரிடையே உண்டு. அவற்றுள் தோல் வியாதிக்குப் பேர்போனது புல்டோக். எருதின்மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் கொடிய விளையாட்டுக்கென இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட சாதி அது. 1835ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்விளையாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. பின்னர் அதனை வீட்டு நாயாக வளர்த்தோர், தட்டை முகத்தையும் மடிப்பு மடிப்பான தோலையும் அழகெனக் கருதித் தலைமுறை தலைமுறையாக அவற்றையே மிகுவித்தனர். மனிதர் விரும்பிய அந்த அழகே அந்நாயின் நோயாயிற்று. மூக்கின் மேலும் வாலடியிலும் உள்ள மடிப்புகளிற் காற்றுப் புகுவதில்லை. அங்கே ஈரமும் அழுக்கும் தங்கப் பக்டீரியாவும் மதுவமும் பெருகுகின்றன; தோலோடு தோல் உராய்ந்து புண்ணாகின்றது.

வாடைக் காற்றோடு மாரி பொழியும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வன்னியிற் கொடியில் இட்ட துணியே உலர்வதில்லை. புல்டோக்கின் மடிப்பு எவ்வாறு உலரும்? சோளகம் வீசும் கோடையிலோ வேறோர் இடர். நாய் மனிதனைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றது. குறுமூக்குள்ள புல்டோக்குக்கு அதுவும் செவ்வையாக இயலாது. ஆகவே அந்நாயை வாங்க விரும்புவோர், நிழலும் காற்றும் உள்ள இடமும், மடிப்புகளை நாள்தோறும் துடைக்கும் பொறுமையும் தம்மிடம் உண்டா என முதலில் யோசித்தல் வேண்டும். ஈரத் துணியால் துடைத்தால் மட்டும் போதாது. பின்னர் உலர்ந்த துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்தலே முக்கியம்.

நம் நாட்டு நாய்க்கு இத்தகைய மடிப்பில்லை. ஆனால் தெள்ளும் உண்ணியும் சொறிப்பூச்சியும் உண்டு. சொறிதல் தனியொரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். நாய் எந்த இடத்தைச் சொறிகின்றது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இடுப்பையும் வாலடியையும் கடித்துக் கடித்து மயிரை உதிர்க்குமாயின் தெள்ளையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்கு ஒருசில கடிகளே பல நாள் அரிப்பைத் தரும். உடம்பிலே தெள்ளைக் காணவில்லை என்பதால் தெள்ளே இல்லை என்று தீர்ப்புக் கூறலாகாது. அதன் முட்டையும் புழுவும் நாய் படுக்கும் சாக்கிலும் தரையிடுக்கிலும் கிடக்கின்றன. நாய்க்கு மருந்திட்டுப் படுக்கையைச் சுத்தம் செய்யாமல் விடுவது, வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் வயலுக்கு நீர் பாய்ச்சுவது போன்றது.

பாதங்களை ஓயாமல் நக்கி, காதும் வயிறும் சிவந்து, குறித்த பருவத்தில் அரிப்புக் கூடுமாயின், மகரந்தம், பூஞ்சை வித்து, தூசியிலுள்ள நுண்பூச்சி ஆகியவற்றால் விளையும் ஒவ்வாமையை ஐயுறலாம். ஆண்டு முழுவதும் ஒரேபடியாக அரித்தால் உணவும் காரணமாகலாம். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை என்பன நாய்களுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளுள் முக்கியமானவை. இதனை அறிய, முன்பு தின்றிராத ஓர் இறைச்சியைத் தெரிந்து, வைத்தியர் சொல்லும் உணவை மட்டும் ஏறத்தாழ எட்டுக் கிழமைகள் கொடுத்துப் பார்ப்பர். இடையிலே பிள்ளைகள் அன்பால் எறியும் ஒரு பிஸ்கட் அந்தப் பரிசோதனை முழுவதையும் கெடுத்துவிடும்.

காதோரத்திலும் முழங்கையிலும் பொருக்குத் தட்டி, இரவு பகலாக அரிக்குமாயின் அது சொறிப்பூச்சியின் வேலையாக இருக்கலாம். இது நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும். மனிதர் தோலிலும் சில காலம் அரிப்பைத் தரும். குட்டிகளின் கண்ணைச் சுற்றி அரிப்பின்றி மயிர் உதிர்தல், டெமொடெக்ஸ் என்னும் வேறொரு பூச்சியால் நேர்வது. அது மனிதருக்குத் தொற்றாது. தோலைச் சுரண்டியெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தே வைத்தியர் இவற்றைப் பிரித்தறிவார்.

இனி, செய்யத் தகாதவை. சொறி நாய்க்குக் கழிவொயிலும் மண்ணெண்ணெயும் பூசும் வழக்கம் இன்றும் மறையவில்லை. கழிவொயிலில் நச்சு உலோகங்கள் உண்டு. நாய் தன் உடம்பை நக்கித் துடைக்கும் பிராணியாதலால், பூசியது வயிற்றுக்குட் போகும். வெந்த தோலின் வழியாகவும் உட்புகும். மனிதருக்கு எழுதித் தந்த களிம்பும் வேண்டாம். நாள்தோறும் மனிதர் சவர்க்காரம் இட்டுக் குளிப்பாட்டுதலும் வேண்டாம். தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி ஆகியவற்றை ஒருங்கே கொல்லும் மாத்திரைகள் இன்று உண்டு. அவற்றை நாயின் நிறையறிந்து வைத்தியரே கொடுத்தல் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் உள்ள அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். நாயையும் அங்கே காட்டலாம்.

2008இலும் 2009இலும் வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, ஈற்றில் மெனிக் பாம் முகாம்களை அடைந்தபோது, கட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயை வாசலில் விட்டுவந்த குடும்பங்கள் பல. அன்று விட்டுவந்தது வேறு வழியில்லாமையால். இன்று ஒரு சொறிக்காகக் கொண்டுபோய் விடுவதற்கு அவ்விதச் சமாதானம் எதுவும் இல்லை.

மாணாக்கருக்கு ஒரு வேலை தருகின்றேன். உங்கள் வீட்டு நாய் சொறியத் தொடங்கினால் ஒரு கொப்பியை எடுங்கள். தொடங்கிய திகதி, சொறியும் இடம், தின்ற உணவு, படுத்த இடம், அவ்வேளை மாரியா கோடையா என்பவற்றை எழுதி வாருங்கள். வாய் பேசாத பிராணியின் சார்பில் வைத்தியரிடம் அந்தக் கொப்பியே பேசும்.